பங்களாவில் கை நனைக்காதவன்

மூணு நாளு சும்மா ஒக்காந்து சாப்புடுறதுக்கு இங்லீஷ்ல ஒரு பேரு வச்சிருக்கானுங்க, ரிட்ரீட்டுன்னு. மொதல்ல கேட்டப்ப எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. ஆபீஸ்ல கிளார்க்கா இருந்த மேவிஸ்தான் வந்து சொன்னா.

"செல்லக்கா, எங்க மாதா கோயில்ல தவக்காலத்துல தியானம் வைப்பாங்கல்ல, அந்த மாதிரிதான். கோலாலம்பூர் ஹெட் ஆபீஸ்லேருந்து ஆர்டர் வந்திருக்கு. துரைகூட நாங்களும் கங்காணிங்களும் பங்களாவுலயே தங்கணுமாம். யாரும் வீட்டுக்குப் போகக் கூடாதாம். மனசு லேசாகணுமாம்லா."

"உங்க மனசு லேசாகுறதுக்கு யாரு சமைக்கிறது?"

"நீங்கதான்."

பாத்தீங்களா. அவங்க மனசு லேசாகும், என் இடுப்பு ஒடியும்.

அது எண்பத்தி ரெண்டாம் வருசம். ரிங்லெட் டவுனுக்கு மேல இருக்கிற எங்க தேயிலை எஸ்டேட்டுல, மலை உச்சியில துரை தங்குற கம்பெனி பங்களா. நான் அங்க சமையக்காரி. குசினிக்குப் பின்னால எனக்குன்னு ஒரு ரூமு. புருசன் எப்பவோ போய்ச் சேந்துட்டான், புள்ளையும் இல்ல. எனக்குன்னு இருந்தது ஒரே தம்பி, வேலப்பன். பேக்டரி கங்காணி.

ஹெட் ஆபீஸ்காரன் ஆர்டர் போட்டதுலயும் ஞாயம் இல்லாம இல்ல. எங்க எஸ்டேட்டுக்கு அப்ப கெட்ட நேரம். எஸ்டேட் மேனேஜரு மைக்கல் துரை, வெள்ளக்காரன் நாற்காலியில ஒக்காந்த மொதத் தமிழன். சித்தியவான் பக்கம் ரப்பர் தோட்டத்துல பொறந்து வளந்தவரு. அவரு வந்த புதுசுல எங்க சனங்க குடியிருக்கிற லயத்துல மால போட்டுக் கொண்டாடுனோம். அப்படிப்பட்ட மனுசன் வரவர யாருகிட்டயும் மூஞ்சி குடுத்துப் பேசுறதில்ல. சாப்பாடு பாதி தட்டுலயே கெடக்கும். விடிகாலையில நான் அடுப்பு மூட்ட வந்தா, ஏற்கனவே முழிச்சு வெராந்தாவுல நின்னுக்கிட்டு இருப்பாரு. அவரு அப்படி இருக்கவும் கீழ எல்லாம் கெட்டுப் போச்சு. மலையில கங்காணி மாடசாமி எதுக்கெடுத்தாலும் பொம்பளைங்க மேல பாஞ்சாரு. மேவிஸ் வேற எடத்துக்கு மாத்தல் கேட்டா. பேக்டரியில கொழுந்து காயாமலே உருட்டுற மெஷினுக்குப் போயி ரெண்டு தடவ சரக்கு திரும்பி வந்துச்சு.

என் தம்பி மட்டும் ஒண்ணும் சொல்லல. அவன் வாயே தொறக்கல. அதுதான் என்னை அரிச்சுக்கிட்டே இருந்துச்சு.

ஏன்னு சொல்றேன். போன தீபாவளிக்கு முந்தி, அடமழையில, அவன் பொஞ்சாதி இராசம்மாவுக்குக் குளிர் காய்ச்சல் வந்து நெஞ்சுல எறங்கிடுச்சு. ஆம்புலன்சுல ஏத்துறப்ப வேலப்பன் பேக்டரியிலேருந்து ஓடியாந்தான், கையெல்லாம் மெஷின் எண்ணெயோட. அவ மூச்சு வாங்கிக்கிட்டே ஏசுனா: "எனக்கு ஒடம்பு முடியலன்னு ஒரு வாரமாச் சொல்றேன். நீ உன் மெஷினயே கட்டிக்கிட்டு அழு. என்னைப் பாக்க வராத." கோவத்துல பொம்பளைங்க சொல்றதுதான். அவன் மூஞ்சி செத்துப் போச்சு. நான்தான் கூடப் போயி கீழ டவுன் ஆஸ்பத்திரியில சேத்துட்டு வந்தேன். நெசமாச் சொல்றேன், காய்ச்சல்தானே, ரெண்டு நாள்ல அவ எந்திரிச்சிருவான்னுதான் நெனச்சேன்.

மறுநாள் காலையில வேலப்பன் துரைகிட்டப் போயி லீவு கேட்டான். அன்னிக்கிப் பாத்து ஹெட் ஆபீஸ்லேருந்து பெரிய ஆளுங்க, கூட வெளிநாட்டுக்காரங்க, பேக்டரி பாக்க வாராங்க. "இன்னிக்கி ஒரு நாளு சமாளி வேலப்பா, நாளைக்கு மொத வேலையா போ"ன்னுட்டாரு. நானும் விருந்தாளிங்களுக்குச் சமைக்கணும்னு நின்னுட்டேன். சாயங்காலம் விருந்தாளிங்க காரு எறங்கிப் போன கையோட துரை பேக்டரிக்கு ஓடியாந்து, "ஆஸ்பத்திரியில கூப்புடுறாங்க, எறங்கு எறங்கு"ன்னு தன் ஜீப்புலயே ஏத்தி அனுப்புனாரு. ஜீப்பு அத்தன வளைவும் எறங்கிப் போய்ச் சேர்றதுக்குள்ள அவ கண்ண மூடிட்டா.

சரி, விதின்னு விடலாம். ஆனா துரை எழவு வீட்டுக்கு வரல. லோரியில ஒரு மலர் வளையம் வந்துச்சு, அவ்வளவுதான். காரியம் முடியிறதுக்குள்ள பேக்டரியில மெஷின் நின்னுடுச்சுன்னு ஆளு வந்துச்சு, இவனும் எந்திரிச்சுப் போயிட்டான். துக்கம் காக்கக்கூட நேரமில்ல.

எங்க ஆளுங்க திருநவேலிச் சீமையிலேருந்து வந்தவங்க. எங்க வழக்கத்துல துட்டி கேக்கணும். சாவு வீட்டுக்கு நேர்ல போயி ரெண்டு கையையும் நீட்டணும், எழவு விழுந்தவன் அந்தக் கையத் தொடணும். அப்பறம் பாயில ஒக்காந்து, "எப்படி ஆச்சு?"ன்னு கேக்கணும். அவன் மொதல்லேருந்து சொல்லணும். எத்தன பேரு வந்தாலும் அத்தன தடவ சொல்லணும். துட்டி கேக்காதவன்கூட ஒண்ணா ஒக்காந்து கை நனைக்க மாட்டோம். சொந்த அண்ணன் தம்பியா இருந்தாலும் சரி, துரையா இருந்தாலும் சரி.

சித்திரை பொறந்ததும் வேலப்பன் சொன்னான்: "அக்கா, நான் சபாவுக்குப் போறேன். செம்பனைத் தோட்டத்துல வேலை இருக்காம். இந்த மாசத்தோட சரி."

சபாவாம்! கப்பல் ஏறிக் கடல் தாண்டிப் போகணும். இவன் போயிட்டா எனக்கு யாரு? மாரடிச்சுக்கிட்டுச் சொல்லிப் பாத்தேன், ஏசிப் பாத்தேன். கல்லு மாதிரி நின்னான். அந்த நேரத்துலதான் இந்த ரிட்ரீட்டு வந்துச்சு. முடிஞ்சதும் பொட்டியத் தூக்கப் போறான்னு எனக்குத் தெரியும். அதனால அந்த மூணு நாளும் எனக்கு நெருப்பு மேல நிக்கிற மாதிரி.

நடத்த வந்தவரு மிஸ்டர் ஓங், கோலாலம்பூர்ச் சீனரு. மெலிஞ்ச ஆளு, குளிருக்கு ரெண்டு சுவெட்டரு. பெரிய பெரிய பேப்பரு, கலர் பேனா, ஒரு பந்து எல்லாம் கொண்டாந்திருந்தாரு. பந்தத் தூக்கிப் போடணும், புடிக்கிறவங்க தன்னைப் பத்தி ஒண்ணு சொல்லணுமாம். மாடசாமி கங்காணி பந்தப் புடிச்சிட்டு, "எனக்குப் பந்து வெளையாடத் தெரியாது"ன்னு சொல்லிட்டுத் திருப்பிப் போட்டாரு. அடுத்தது, கண்ண மூடிக்கிட்டுப் பின்னால விழணும், மத்தவங்க தாங்கணும். மாடசாமி விழுந்தாரு பாருங்க, மேவிஸும் பேக்டரிப் பையங்களும் சேந்து தரையில கெடந்தாங்க. நானே குசினிச் சன்னல் வழியாப் பாத்துச் சிரிச்சிட்டேன். மைக்கல் துரைகூட லேசாச் சிரிச்சாரு.

வேலப்பன் முறை வந்துச்சு. தாங்குறதுக்குத் துரை கைய நீட்டிக்கிட்டு நின்னாரு. "இடுப்பு வலி"ன்னு சொல்லிட்டு இவன் ஒதுங்கிட்டான்.

சாப்பாட்டு நேரம் ஆனா இவனக் காணோம். பின்பக்கமா சுத்தி என் ரூமுக்கு வந்துருவான். அது அக்கா வீடு, அங்க சாப்புடலாம். மொத நாளு முழுக்க அப்படியே ஓடிச்சு.

ரெண்டாம் நாளு மத்தியானம் ஓங் கண்டுபுடிச்சிட்டாரு. அவரு நல்ல மனுசன், கொறை சொல்லக் கூடாது. ஒரே வீட்டுல இருக்கிறவங்க ஒரே மேசையில சாப்புடலன்னா எப்படின்னு, என் ரூமு வாசல் வரைக்கும் வந்து வேலப்பன் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனாரு. கூட்டிப் போயி எங்க ஒக்கார வச்சாருங்கிறீங்க? சரியா துரைக்கு எதுத்தாப்புல.

கோழிக் கறி, மொளகு ரசம், கியா பார்ம்லேருந்து வந்த பச்சை முட்டக்கோசு பொரியல். எல்லாத் தட்டுலயும் போட்டேன். வேலப்பன் தட்டுலயும் போட்டேன். அவன் சோத்தப் பாத்துக்கிட்டே ரெண்டு கையையும் மடியில வச்சிருந்தான்.

மொதல்ல மாடசாமிக்குப் புரிஞ்சிருச்சு. வாயில போட்டத முழுங்கிட்டுக் கையத் தட்டுலயே வச்சிட்டாரு. அப்பறம் மேவிஸ். அவளும் தமிழச்சிதானே. ஒவ்வொருத்தரா நிறுத்திட்டாங்க. ஓங் மட்டும் சுத்திச் சுத்திப் பாத்து, கடைசில என்னைப் பாத்து மலாய்ல கேட்டாரு, "தா செடாப் கா?"ன்னு. ருசியா இல்லையான்னு!

எனக்கு வந்துச்சே கோவம். "என் சமையல ஒரு கொறையும் சொல்லாதீங்க துவான். சாப்பாட்டுல ஒண்ணும் இல்ல"ன்னு படபடன்னு சொல்லிட்டேன்.

அப்பத்தான் மைக்கல் துரை நிமிந்தாரு. வேலப்பன் தட்டப் பாத்தாரு. மடியில இருந்த கையப் பாத்தாரு. பெசஞ்ச சோத்த மெதுவாத் தட்டுலயே உதுத்துட்டு எந்திரிச்சாரு.

"எங்க அம்மா இப்படித்தான்," ன்னாரு, யாருகிட்டயோ பேசுற மாதிரி. "எங்க மாமன்கூட அஞ்சு வருசம் கை நனைக்கல." அப்பறம் வேலப்பனப் பாத்து, "நாளைக்குக் காலையில நான் உங்க வீட்டுக்கு வரலாமா?"

வேலப்பன் தலையத் தூக்கல. "வீடு பூட்டிக் கெடக்கு துரை. சாமானெல்லாம் கட்டியாச்சு."

"தொறந்து வைங்க வேலப்பன்."

அவரு அவன 'வாங்க போங்க'ன்னு பேசி நான் கேட்டதே இல்ல. வேலப்பன் "சரி"ன்னான். ஓங்குக்கு மேவிஸ் இங்லீஷ்ல எடுத்துச் சொன்னா. மூணாம் நாளைக்கு அவரு என்னென்னமோ எழுதி வச்சிருந்தாரு. அந்தப் பேப்பர எல்லாம் சுருட்டிட்டு, "பெர்கிலா, பெர்கி," ன்னாரு. போங்க, போயிட்டு வாங்கன்னு.

காலையில பனி எறங்கிக்கிட்டு இருந்துச்சு. வேலப்பனும் நானும் முன்னாடி போனோம். எழவு வீட்டுக்காரன் வீட்டுல இருந்தாத்தானே துட்டி கேக்க வரமுடியும். லயத்துக் கோடி வீடு. கதவத் தொறந்தா ஒரே ஈர வாடை. கட்டி வச்ச பொட்டிங்கள நான் ஓரமாத் தள்ளிட்டுப் பாய விரிச்சேன். வேலப்பன் சுவத்துல சாஞ்சு ஒக்காந்தான். அவ போனதுலேருந்து அவன் அப்படி ஒக்காந்து நான் பாக்கல.

அப்பறம் அவங்க வந்தாங்க. மைக்கல் துரை முன்னால, மத்தவங்க பின்னால, கம்பெனி குடுத்த ஒரே மாதிரி மஞ்சச் சட்டையோட. ஜீப்பு இல்ல, மலையிலேருந்து நடந்தே எறங்கி வந்தாங்க. லயத்து வாசல்ல சனங்க நின்னு வாயப் பொளந்து பாத்துச்சு. எந்தத் துரையும் எங்க லயத்து வீட்டுக்குள்ள வந்ததில்ல. அவரு சப்பாத்தக் கழட்டிட்டு, குனிஞ்சு உள்ள வந்து, ரெண்டு கையையும் நீட்டுனாரு.

வேலப்பன் அந்தக் கையப் பாத்தான். தொட மாட்டான்னு நெனச்சேன். தொட்டான்.

துரை பாயில ஒக்காந்தாரு. "எப்படி ஆச்சு?"ன்னு கேட்டாரு.

எல்லாம் தெரிஞ்ச மனுசன். ஆனாலும் கேக்கணும். இவனும் சொல்லணும். வேலப்பன் மொதல்லேருந்து சொன்னான், யாரோ புதுசா வந்தவங்களுக்குச் சொல்ற மாதிரி. காய்ச்சல் வந்தது, ஆம்புலன்சு வந்தது, அவ ஏசுனது. "மறுநாள் காலையில துரைகிட்ட லீவு கேட்டேன். துரை குடுக்கல." துரை மூஞ்சிக்கு நேராவே சொன்னான். கொரல்ல கோவமே இல்ல, அதத்தான் காது குடுத்துக் கேக்க முடியல. "விருந்தாளிங்க வந்தாங்க. மெஷின் ஓட்டிக் காமிச்சேன். சாயங்காலம் ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்துச்சு. துரை ஜீப்பு குடுத்தாரு. போய்ச் சேர்றதுக்குள்ள..."

"போன் சாயங்காலம் வரல," ன்னாரு துரை.

வேலப்பன் நிறுத்துனான்.

"காலையிலயே வந்துச்சு. ஆபீஸ்ல நான் மட்டும்தான் இருந்தேன், நான்தான் எடுத்தேன். விருந்தாளிங்க அப்பத்தான் பேக்டரிக்குள்ள நொழையிறாங்க. சாப்புட்டு முடிச்சு எறங்கட்டும், ஒடனே அனுப்பிடலாம்னு நெனச்சேன். அவங்க பேசிக்கிட்டே சாப்புட்டாங்க. நேரம் ஆயிடுச்சு." அவரு பாயப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "வளையத்தோட நானும்தான் வந்தேன். லயத்து முக்கு வரைக்கும் வந்தேன். உள்ள வந்தா எப்படி ஆச்சுன்னு கேக்கணுமே. எந்த வாயால கேப்பேன்?"

அந்த மத்தியானச் சாப்பாட்டச் சமைச்சது நான். இன்னுங் கொஞ்சம் போட்டுக்கங்க, பாயசம் வருது இருங்கன்னு அந்த விருந்தாளிங்கள ஒக்கார வச்சதும் நான்தான். "அடப்பாவி மனுசா!"ன்னு கத்திட்டேன். துரையாவது மண்ணாவது. எந்திரிச்சு அவர வெளிய புடிச்சுத் தள்ளப் போனேன். மாடசாமி குறுக்க விழுந்து மறிச்சாரு.

வேலப்பன் கத்தல. அவன் மெல்லக் கேட்டான்: "போன்ல என்ன சொன்னாங்க?"

"நர்சம்மா தமிழ்ப் பொண்ணு. பேசுனாங்க."

"என்ன சொன்னாங்க துரை? அவ... அவ ஏதாச்சும் சொன்னாளா?"

துரை கையெடுத்துக் கும்புடுற மாதிரி ரெண்டு கையையும் நெஞ்சோட சேத்து வச்சிக்கிட்டாரு. "உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம். அவரு வந்துட்டாரா, வந்துட்டாரான்னு. 'சீக்கிரம் அனுப்பி விடுங்க சார், வாசலையே பாத்துக்கிட்டு இருக்காங்க'ன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு."

வேலப்பன் அப்படியே பாயில சரிஞ்சான். அவன் அழுத அழுகை இருக்கே, லயம் பூராக் கேட்டுச்சு. சாவு அன்னிக்கிகூட அவன் கண்ணுலேருந்து ஒரு சொட்டு வரல. மேவிஸ் தோள்ல இருந்த துண்டத் தலையில போட்டுக்கிட்டு சுவத்தப் பாத்துத் திரும்பிட்டா. அவன் எந்திரிச்சு ஒக்காந்து மூஞ்சியத் தொடச்சிக்கிட்டுச் சொன்னான்:

"அவ கோவத்தோட போயிட்டான்னு நெனச்சு தெனமும் செத்துக்கிட்டு இருந்தேன். இத்தன மாசமா இத நீங்க வச்சிருந்தீங்களே துரை. இது என்னோடதுல்ல?"

துரை தலையக் குனிஞ்சுக்கிட்டே எந்திரிச்சாரு. எழவு வீட்டுலேருந்து சொல்லிக்கிட்டுக் கெளம்பக் கூடாது, அதனால ஒண்ணும் சொல்லாமலே வெளிய போனாரு. மத்தவங்களும் ஒவ்வொருத்தரா கை நீட்டிட்டுப் போனாங்க. கடைசியா ஓங் சப்பாத்தக் கழட்டிட்டு உள்ள வந்தாரு. மத்தவங்களப் பாத்துக் கத்துக்கிட்ட மாதிரி ரெண்டு கையையும் நீட்டுனாரு. வேலப்பன் தொட்டான்.

அதுக்கப்பறம் கம்பெனியில வருசா வருசம் ரிட்ரீட்டு வச்சாங்க. எங்க எஸ்டேட்டு தேறிடுச்சு, துரை மறுபடி சாப்புடுறாரு, தூங்குறாரு, மாடசாமி ஏசுறதக் கொறச்சிட்டாரு, எல்லாம் அந்தப் பந்து வெளையாட்டாலதான்னு ஹெட் ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்களாம். பந்தும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ஆனா ஒண்ணு, எனக்குப் புடிக்கலன்னாலும் ஒத்துக்கிறேன். ஆபீஸ், பேக்டரி, மலைன்னு ஆளுக்கொரு பக்கமா ஓடி ஒளியிறவங்கள ஒரே கூரைக்குக் கீழ, ஒரே மேசையில ஒக்கார வச்சாங்களே, அதுக்குப் பலன் இருந்துச்சு. துரையால ஓட முடியாமப் போச்சு.

துரை வந்துட்டுப் போன அன்னிக்கிப் பூரா லயத்துச் சனம் வந்துச்சு. அன்னிக்கித்தான் சாவு விழுந்த மாதிரி, முன்னயே வந்து கேட்டவங்களும் மறுபடி வந்து கை நீட்டுனாங்க. வேலப்பன் ஒவ்வொருத்தருக்கும் மொதல்லேருந்து சொன்னான். முடிக்கிறப்ப, "என்னையத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாளாம்," ன்னு சொன்னான். சொல்லும்போதெல்லாம் அழுதான்.

பொழுது சாயிற நேரம் ஆளு கொறஞ்சிருச்சு. நான் அவன் பக்கத்துல போயி ஒக்காந்து கேட்டேன், "இனிமே சபாவுக்குப் போக வேணாம்லடா?"

"போறேன்க்கா."

"இன்னும் என்னடா கோவம்? அதான் வந்து கேட்டுட்டாரே!"

"கோவத்துல போகல. அவரு மூஞ்சியப் பாத்தா, அவ வாசலப் பாத்துக்கிட்டு இருந்தான்னு நெனப்பு வரும். தெனம் அதப் பாத்துக்கிட்டு என்னால வேலை செய்ய முடியாது." கட்டி வச்ச பொட்டிங்களப் பாத்தான். "இத்தன நாளா அவள இங்க விட்டுட்டு ஓடிரணும்னுதான் சபாவ நெனச்சேன். இப்ப அப்படி இல்லக்கா. இப்ப அவளையும் கூட்டிக்கிட்டுப் போறேன்."

போகாதடான்னு கால்ல விழலாமான்னு இருந்துச்சு. அவன் மூஞ்சியப் பாத்தேன். என் தம்பி மூஞ்சி அது, ரொம்ப நாளைக்கப்பறம் திரும்பி வந்திருந்துச்சு. சரிடா, போன்னு சொன்னேன்.